மன்னார்த் தீவிலும் வன்னிக் குளங்களிலும் பறவை பார்ப்பது எப்படி

பறவை பார்க்க வடக்கே வருபவர்கள் முதலில் இடப்பெயர்களைத்தான் கேட்பார்கள். வங்காலையா, கட்டுக்கரைக் குளமா, சுண்டிக்குளமா என்று. பெயர் தெரிந்து பெரிய பயனில்லை. இங்கே பறவை நிற்பது தண்ணீரின் ஆழத்தைப் பார்த்து. ஒரு வருஷம் தை மாதம் பூநாரை நிறைந்து நின்ற தரவை வெளி, அடுத்த தையில் வெறும் உப்புப் பொருக்காகக் கிடக்கும். மழை பிந்திப் பெய்து இடுப்பளவு தண்ணீர் நின்றாலோ நீர்க்காகத்தைத் தவிர அங்கே ஒன்றும் இராது. ஆகவே இந்தக் குறிப்புகள் இடத்தைவிடத் தண்ணீரையே சுற்றி வரும்.

எப்போது வருவது

வெளிநாட்டில் இருந்து குடும்பமாக வருபவர்களுக்கு ஆடி, ஆவணிப் பள்ளி விடுமுறைதான் வசதி. பறவைக்கு அது தோதான காலமில்லை. வலசை வரும் தாராக்களும் உள்ளான்களும் பெரும்பாலும் புரட்டாதி, ஐப்பசியில் வந்து சேர்ந்து பங்குனி, சித்திரையில் திரும்பிவிடும். அதற்குள்ளும் தை நடுப்பகுதி முதல் பங்குனி முதல் வாரம் வரைதான் நல்ல காலம். காரணம் எளிது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை. மார்கழியில் குளங்கள் நிரம்பி வான் பாயும், வயலெல்லாம் வெள்ளம், பறவைகள் எங்கும் சிதறி நிற்கும். தை பிறந்து வெயில் ஏறியதும் தண்ணீர் சுருங்கத் தொடங்கும். குளத்து அலைகரையில் சேறு வெளிப்படும். மீனும் நத்தையும் புழுவும் சிறிய இடத்துக்குள் அடைபட, பறவைகளும் அங்கே கூடும்.

கிறிஸ்மஸ் விடுமுறையில்தான் வர முடியுமென்றால் வன்னிக் குளங்களை விட்டுவிட்டு மன்னார்ப் பாலத்துப் பக்கம் போகலாம். அங்கே மழை குறைவு. இரண்டு நாள் வெயில் எறித்தாலே ஆழம் குறைந்த ஓரங்கள் தெரியத் தொடங்கும்.

ஆடி, ஆவணியில் வந்தே ஆகவேண்டியவர்கள் மனம் சோரத் தேவையில்லை, எதிர்பார்ப்பை மாற்றினால் போதும். அப்போது குளங்கள் வற்றி, மிஞ்சிய மடுக்களில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் நெருக்கியடித்து மீன் பிடிக்கும். உப்புத் தரவையில் நெடுங்கால் உள்ளான் குஞ்சுகளோடு திரியும். ஆவணி நடுவில் வடக்கே இருந்து முதலில் வந்து இறங்கும் சிறு உள்ளான்கள் இனப்பெருக்க காலத்துச் செந்நிறம் முழுக்கக் கழியாமல் இருக்கும். மாசியில் வருபவர்களுக்கு அந்த நிறம் கிடைக்காது. ஆனால் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அப்போது மன்னாரில் பலமாக அடிக்கும். முக்காலியில் ஏற்றிய ஸ்கோப் (ஒற்றைக்குழாய்த் தொலைநோக்கி) அந்தக் காற்றில் நடுங்கிக்கொண்டே இருக்கும், அதை நம்பி வரவேண்டாம்.

ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு ஒன்று. விடுமுறைக்குச் சைப்பிரஸ் போய் லார்னகா உப்பேரியில் பார்த்த பூநாரையும் மன்னார்ப் பூநாரையும் ஒரே இனம்தான். அங்கே நடைபாதையும் ஆசனமும் போட்டுக் காட்டுகிறார்கள். இங்கே தெருவோரத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

என்ன கொண்டு வருவது

8x42 பைனாகுலர் ஒன்று போதும். 8 என்பது பெருக்கம், 42 என்பது முன் வில்லையின் விட்டம் மில்லிமீற்றரில். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25, அவ்வளவு மில்லிமீற்றர் அகலமான ஒளிக்கற்றை கண்ணுக்கு வருகிறது, விடியற்புற மங்கலில் அது கைகொடுக்கும். 10x பெருக்கம் கூடத்தான், ஆனால் கைநடுக்கத்தையும் கூட்டிக் காட்டும். காற்றடிக்கும் வெளியில் 8xஇல் தெரிகிற அளவும் 10xஇல் தெரியாது. சந்தையில் 30x, 50x என்று அச்சடித்து விற்கும் சிறிய பைனாகுலர்களை வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம்.

பைனாகுலரைக் கண்ணுக்குச் சரிப்படுத்தாமல் வைத்துக்கொண்டு "மங்கலாத் தெரியுது" என்று குறைபடுபவர்கள்தான் அதிகம். செய்யவேண்டியது இதுதான். முதலில் இரு குழாய்களையும் மடித்து விரித்து, இரண்டு வட்டமும் ஒன்றாகும் வரை அகலத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு தூரத்து விளம்பரப் பலகை ஒன்றைத் தேர்ந்து, வலது முன்வில்லையைக் கையால் மூடி, இடது கண்ணால் பார்த்தபடி நடுச் சில்லைச் சுழற்றி எழுத்தைக் கூர்மையாக்குங்கள். அடுத்து இடதை மூடி வலது கண்ணால் பாருங்கள். இப்போது நடுச் சில்லைத் தொடாமல் வலது கண்பக்கம் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்புங்கள். அந்த வளையம் நின்ற இடத்தை ஒரு பேனாப் புள்ளியால் குறித்துவிட்டால் இனி நடுச் சில்லு மட்டும் போதும். கண்ணாடி போடுபவர்கள் கண்குவளையை உள்ளே இறக்கிவிட வேண்டும், போடாதவர்கள் வெளியே இழுக்க வேண்டும். மாறிச் செய்தால் ஓரமெல்லாம் கறுப்பாகத் தெரியும்.

ஸ்கோப் இருந்தால் பாலத்தடியில் பெரிய உதவி. 20 முதல் 60 வரை பெருக்கமுள்ளது நல்லது. ஆனால் மன்னாரில் காலை 9 மணிக்குப் பிறகு 30க்கு மேல் ஏற்றிப் பயனில்லை. உப்புத் தரையில் கானல் எழும்பி, பறவையின் கால் தண்ணீரில் கரைவது போல நெளியும். வில்லையில் பழுதென்று நினைத்துத் துடைத்துக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. வில்லையில் ஒன்றும் இல்லை, சூடேறிய காற்றுத்தான். பெருக்கத்தைக் குறையுங்கள், அல்லது பின்னேரம் 4 மணிக்கு மேல் திரும்பி வாருங்கள்.

ஸ்கோப் இல்லாதவர்களுக்கு வாகனத்து யன்னலே முக்காலி. சிறிய துணிப்பையில் அரைக் கிலோ பயறு போட்டுத் தைத்து, பாதி இறக்கிய கண்ணாடியின் மேல் வைத்து அதில் பைனாகுலரையோ கமராவையோ அழுத்தினால் நடுக்கம் நின்றுவிடும். எஞ்சினை நிறுத்திவிட வேண்டும், அதிர்வு வில்லைக்கு ஏறும்.

கடற்காற்று உப்பையும் மணலையும் கொண்டுவரும். வில்லையைக் காய்ந்த துணியால் துடைத்தால் மணல் கீறிவிடும். முதலில் ஊதி, மென்தூரிகையால் தட்டி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள்.

உடுப்பு மண்ணிறமாக, சாம்பலாக, மங்கிய பச்சையாக இருக்கட்டும். வெள்ளை வேண்டாம். இராணுவப் பாணிப் புள்ளியுடுப்பு அறவே வேண்டாம். வெளிநாட்டில் பறவை பார்ப்பவர்களுக்கென்றே அப்படியான மேற்சட்டை விற்கிறார்கள். இலங்கையில் பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம், வன்னியில் அதைப் போட்டுக்கொண்டு பற்றைக்குள் இருந்து எழும்பினால் வரும் சிக்கல் வேறு. மூடிய சப்பாத்து கட்டாயம், குளக்கட்டுப் புல்லுக்குள் புடையன் பாம்பு கிடக்கும். தண்ணீர் ஆளுக்கு 2 லீற்றர், தொப்பி, கச்சான் ஒரு பை. தரவையில் நிழல் கிடையாது.

தண்ணீரை வாசிப்பது

எந்த நீர்நிலையிலும் கரையிலிருந்து உள்ளே ஆழம் கூடக் கூட, அதே வரிசையில் பறவைகளும் நிற்கும். ஈரச் சேறு மட்டும் உள்ள ஓரத்தில் உப்புக்கொத்திகளும் கொசு உள்ளானும். ஓடும், சட்டென்று நிற்கும், கொத்தும், மறுபடி ஓடும் என்றால் உப்புக்கொத்தி. தையல் மெசின் ஊசி போல விடாமல் குத்திக்கொண்டே நகர்ந்தால் உள்ளான். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டாலே சேற்றோரக் குழப்பத்தில் பாதி தீரும்.

கணுக்காலளவுத் தண்ணீரில் பவளக்காலியும் பச்சைக்காலியும் நிற்கும். காலின் நிறத்தைப் பார்த்தாலே பெயர் வந்துவிடும், பவளக்காலிக்குப் பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் அகன்ற வெள்ளைப் பட்டை தெரியும். அதற்கு உள்ளே கருவால் மூக்கன் முகம் நனையும்வரை மூக்கைச் செலுத்தித் துழாவும். இன்னும் உள்ளே நெடுங்கால் உள்ளான், அதற்கும் அப்பால் பூநாரை. பூநாரைக்கும் அப்பால் ஆழமான நடுப்பகுதியில் மிதப்பவை ஊசிவால் தாரா, நாமத்தலை வாத்து, நீலச்சிறகி. ஆகவே ஒரு நீர்நிலையில் பூநாரை கரையோரமாகவே நின்றால் அங்கே ஓரமே ஆழம் என்று பொருள். சிறு உள்ளான்களைத் தேடி அங்கே நேரம் கழிக்க வேண்டாம், வேறு ஓரம் பாருங்கள்.

கடல்வற்றை நம்பி நேரம் குறிப்பவர்களுக்கு ஒரு சொல். ஐரோப்பிய அத்திலாந்திக் கரைகளில் வற்றுப்பெருக்கு அட்டவணை பார்த்துத்தான் உள்ளான் பார்க்கப் போவார்கள். இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. களப்புகளில் தண்ணீரைத் தள்ளுவது பெரும்பாலும் காற்று. வாடைக்காற்று ஒரு பக்கக் கரையில் தண்ணீரை ஏற்றி எதிர்ப்பக்கத்துச் சேற்றைத் திறந்துவிடும். காலையில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று பார்த்து, அது வரும் பக்கத்துக் கரையோரத்தைத் தேடுங்கள். அங்கேதான் சேறு தெரியும்.

மன்னார்ப் பாலம்

மதவாச்சியிலிருந்து வரும் ஏ14 வீதி தள்ளாடிக்கு அப்பால் கடலை ஊடறுத்துத் தீவுக்குள் நுழைகிறது. இரு பக்கமும் தெரியும் ஆழமற்ற நீரும் உப்புத் தரவையும்தான் வங்காலைச் சரணாலயத்தின் முகம். 4,839 ஹெக்டேயர். 2008இல் சரணாலயமாக்கப்பட்டு 2010இல் சர்வதேச ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

சூரியன் உதிக்க 6.30 மணியளவாகும், அதற்கு முன்பே அங்கே நிற்க வேண்டும். காலையில் தள்ளாடிப் பக்கமிருந்து நகரை நோக்கிப் போனால் வெயில் முதுகில் விழும். பின்னேரம் வீதியின் வடகிழக்குப் பக்கத்துத் தண்ணீரைப் பாருங்கள், மறுபக்கம் வெறும் கண்கூச்சம். எதிர்வெயிலில் எல்லா உள்ளானும் கறுப்பு உள்ளான்தான்.

பஸ்களும் டிப்பர்களும் பாலத்தில் விரைந்து வரும். வாகனத்தை வீதிக்கு வெளியே அகலமான இடத்தில் மட்டும் நிறுத்துங்கள், கதவை வீதிப்பக்கம் திறக்காதீர்கள், பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கமாக இறக்குங்கள். இறங்கியதும் வாகனத்தோடு ஒட்டியே நில்லுங்கள். வாகனத்தைப் பறவைகள் பொருட்படுத்துவதில்லை, அதைவிட்டு விலகி நடக்கும் ஆளைத்தான் பயப்படும்.

பூநாரைக் கூட்டத்தைக் கண்டதும் படமெடுக்க ஓடுவது வழக்கமான பிழை. முதலில் தலைகளைப் பாருங்கள். மேயும் பூநாரையின் தலை தண்ணீருக்குள் தலைகீழாக இருக்கும். மேல் அலகு கீழே, கீழ் அலகு மேலே. தடித்த நாக்கு பம்பு மாதிரித் தண்ணீரை உள்ளிழுத்துத் தள்ள, அலகோரத்துச் சீப்புப் பற்களில் சிறு இறால்களும் பாசியும் தங்கும். சில நேரம் ஒன்று ஒரே இடத்தில் கால்மாற்றிக் கால்மாற்றி மிதிக்கும். அடிச்சேற்றைக் கலக்கி இரையை மேலே எழுப்பத்தான் அது. இப்படி மேயும்வரை நீங்கள் நிற்கும் தூரம் சரி. நாலைந்து கழுத்துகள் நிமிர்ந்து ஒரே பக்கம் திரும்பினால் அதுவே எல்லை, ஒரு அடியும் முன்வைக்க வேண்டாம். கூட்டம் மெல்ல நடக்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே கிட்டப் போய்விட்டீர்கள், பின்வாங்குங்கள். எழுந்து பறந்தால் செந்நிற இறக்கை அழகாகத்தான் தெரியும், ஆனால் மேய்ச்சல் நேரமும் சேர்த்து வைத்த கொழுப்பும் வீணாகும். பங்குனியில் நெடும்பயணத்துக்குத் தயாராகும் பறவைக்கு அது சிறிய இழப்பில்லை. ட்ரோன் விடுபவர்கள்தான் இதில் மோசம். அதற்குச் சட்டப்படி அனுமதியும் வேண்டும்.

கூட்டத்தில் சாம்பல்மண் நிறத்தில் நிற்பவை இளம் பறவைகள், வேறு இனமில்லை.

உப்புத் தரவைக்குள் இறங்கி நடக்க வேண்டாம். மேலே காய்ந்த பொருக்கு உறுதியாகத் தெரியும், கீழே முழங்கால்வரை கரிய சேறு. வாகனம் இறங்கினால் இழுக்க உழவு இயந்திரம் தேட வேண்டி வரும். கோடையில் இன்னொரு காரணமும் உண்டு. நெடுங்கால் உள்ளானும் சின்ன ஆலாவும் வெறுந்தரையில் முட்டையிடும். மண்ணும் முட்டையும் ஒரே நிறம், மிதித்தபிறகுதான் தெரியும்.

தீவுக்குள்ளே

தீவின் உட்பகுதியைத் தலைமன்னாருக்குப் போகும் வழியென்று மட்டும் நினைத்துக் கடந்துவிடாதீர்கள். இலங்கையின் வேறு பகுதிகளில் எளிதில் கிடைக்காத சில இங்கே மின்கம்பியிலும் வேலியிலும் இருக்கும். கரிச்சான் ஒன்று. வன்னிக் காட்டுக்குள் நீங்கள் காண்பது வயிறு வெள்ளையான கரிச்சான். தீவிலும் வடகரையோரத்திலும்தான் முழுக் கறுப்பு இரட்டைவால் கரிச்சான் மாட்டின் முதுகில் ஏறி நிற்கும். வயிற்றைப் பார்க்காமல் பெயர் எழுதாதீர்கள். கழுத்தின் பின்னால் மெல்லிய கறுப்புக் கோடுள்ள வெளிர்ந்த கள்ளிப்புறா, நீண்டவால் கீச்சான், விடியற்புறம் உடைமரப் பற்றைகளுக்குள் உரத்துக் கூவும் கவுதாரி ஆகியவையும் அப்படித்தான். எருக்கலம்பிட்டிப் பக்கத்து ஒழுங்கைகளில் சைக்கிளில் மெல்லப் போவது வாகனத்தில் போவதைவிட நல்ல பலன் தரும்.

தலைமன்னார்ப் பக்கம் கரைவலை இழுக்கும் நேரம் கடற்காகங்களும் ஆலாக்களும் குவியும். மீனவர் வாடிகளுக்குக் கிட்டப் போகுமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். "அண்ணை, இந்தப் பக்கம் நிண்டு குருவி பாக்கலாமோ?" என்றால் அநேகமாக இடமும் காட்டி, நேற்று எங்கே கூட்டம் இறங்கியதென்றும் சொல்லிவிடுவார்கள். கேட்காமல் கமராவை நீட்டினால் முகம் திருப்புவார்கள், நியாயம்தான்.

கடற்காகங்களைப் பிரிக்க முதுகின் நிறம், காலின் நிறம் இரண்டையும் பாருங்கள். வெளிர்சாம்பல் முதுகும் சிவந்த அலகும் காலுமாகச் சற்றுச் சிறிதாக இருப்பது பழுப்புத்தலைக் கடற்காகம். கடுஞ்சாம்பல் முதுகு, மஞ்சள் கால் என்றால் வட துருவப் பக்கத்திலிருந்து வரும் பெரிய கடற்காகம். மன்னாரில் செய்மதிக் கருவி பூட்டிய இந்த இனப் பறவைகள் ரஷ்யாவின் யமால் குடாநாடு வரை கூடுகட்டப் போனது பதிவாகியிருக்கிறது. ஆலாக்களுக்கு அலகே அடையாளம். தடித்த சிவப்பு அலகோடு கடற்காகமளவு பெரிதாக இருப்பது காஸ்பியன் ஆலா. எலுமிச்சை மஞ்சள் அலகு பெரிய கொண்டை ஆலாவுக்கு, தோடம்பழ நிறம் சிறிய கொண்டை ஆலாவுக்கு, கட்டையான கறுப்பு கடற்காக்கை அலகு ஆலாவுக்கு. மணற்திட்டில் வெள்ளையும் கறுப்புமாக, பெரிய தலையும் பருத்த கறுப்பு அலகுமாக அசையாமல் நிற்கும் ஒன்றைக் கண்டால் அதைவிட்டுக் கண்ணெடுக்காதீர்கள். நண்டு தின்னி, பலர் மன்னார் வருவதே இந்த ஒன்றுக்காக.

இராமர் அணை மணற்திட்டுகளுக்குப் படகில் கூட்டிப்போவதாக யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அது 2015 முதல் தேசியப் பூங்கா; வனசீவராசிகள் திணைக்களத்தினதும் கடற்படையினதும் அனுமதியில்லாமல் போக முடியாது. சோளகக் காலத்தில் அங்கே ஆலாக்கள் வெறும் மணலில் முட்டையிடும். தாய் எழும்பினால் முட்டை வெயிலில் வெந்துவிடும்.

தென்கரை நெடுகத் தெரியும் 30 காற்றாலைகள் தம்பபவனி காற்று மின்நிலையத்தினுடையவை. வலசைப் பாதைக்குள்ளேயே அவற்றை நட்டது சரியா என்ற வாதம் ஓயவில்லை. இடம் குறித்துக்கொள்ள அவை வசதியாக இருப்பது வேறு கதை.

கட்டுக்கரைக் குளமும் வன்னிக் குளங்களும்

ஏ14 வீதியில் முருங்கனை அண்டியது கட்டுக்கரைக் குளம். அருவி ஆற்றைத் தேக்கம் என்ற இடத்தில் மறித்துக் கொண்டுவரும் தண்ணீர்தான் இதில் நிற்பது; 1954 முதல் இது சரணாலயம். எந்தக் குளத்துக்கும் முறை ஒன்றுதான்: குளக்கட்டின் மேல் ஏறி முதலில் துருசடியை (தண்ணீர் திறந்துவிடும் மதகடியை) பாருங்கள், அங்கே ஓடும் தண்ணீரில் மீன்கொத்தியும் சின்ன வெள்ளைக் கொக்கும் நிற்கும். அடுத்து தாமரையும் அல்லியும் மூடிய பகுதியில் நீளவால் இலைக்கோழி, குள்ளத்தாரா, நீலத் தாழைக்கோழி. பிறகு தண்ணீருக்குள் நிற்கும் பட்ட மரங்களின் உச்சிகள். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் இறக்கை விரித்துக் காயவைக்கும், ஒரு கிளையில் கடல் கழுகு இருந்தாலும் இருக்கும். கடைசியாக எதிர்ப்பக்க அலைகரை. நல்லதெல்லாம் அங்கேதான் நிற்கும், கட்டிலிருந்து தூரம் அதிகம். சுற்றிப் போக வழியுண்டா என்று ஊராரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

குளக்கட்டில் நடக்கும்போது நத்தைக் கோதுகள் குவிந்து கிடந்தால் நத்தைகுத்தி நாரை அங்கே மேய்கிறதென்று பொருள். அதன் அலகு மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும். நத்தையைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்து, கீழ் அலகின் கூரிய நுனியை மூடிக்கும் ஓட்டுக்கும் இடையில் செலுத்தித் தசையை அறுத்து முழுதாக உருவி எடுக்கும். ஓடு பெரும்பாலும் உடைவதேயில்லை. இளம் பறவைக்கு அந்த இடைவெளி இராது. அதை வேறு நாரையென்று எழுதிவிடுபவர்கள் உண்டு.

வெள்ளைக் கொக்குகளை ஒரே பெயரில் அடக்கிவிடாதீர்கள். கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் விரல் என்றால் சின்னக் கொக்கு. குட்டைக் கழுத்தும் மஞ்சள் அலகுமாக மாட்டோடும் உழவு இயந்திரத்தோடும் திரிவது உண்ணிக்கொக்கு. பெரிய கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் பிரிக்க வாயின் கோட்டைப் பாருங்கள்: கண்ணுக்குப் பின்னாலும் நீண்டால் பெரியது, கண்ணுக்கு நேரே நின்றால் நடுத்தரம்.

காரியத்தைக் கெடுப்பது ஆக்காட்டி. நீங்கள் குளக்கட்டில் தலைநீட்டியதுமே அது கத்தி எழும்ப, குளம் முழுதும் உஷாராகும். அப்படி நடந்தால் நடையை நிறுத்திக் குந்தி இருங்கள், கால்மணி நேரத்தில் எல்லாம் பழையபடி மேயத் தொடங்கும். தொடர்ந்து நடந்தால் அதுவும் கூடவே கத்திக்கொண்டு வரும்.

நாள் மிச்சமிருப்பவர்கள் கிளிநொச்சிப் பக்கம் இரணைமடு, முல்லைத்தீவில் வட்டுவாகல் பாலத்திலிருந்து தெரியும் நந்திக்கடல், தெற்கே நாயாறு, கொக்கிளாய்க் களப்புகள் என்று போகலாம். சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவானது; நல்ல வருஷத்தில் தாராக்கள் அங்கே மன்னாரோடு போட்டி போடும், ஆனால் பாதை மழைக்குப் பிறகு சிறிய கார்களுக்கு ஆகாது. மடுக் காட்டு வீதியில் விடியற்புறம் இருவாட்சியும் காட்டுக்கோழியும் கிடைக்கும். ஆறுமணிக் குருவியைக் காண்பதைவிடக் கேட்பது எளிது, விடியவும் பொழுதுபடவும் இருகுரலாகக் கூப்பிடும்.

கால் வைக்கும் முன்

போர் 2009இல் முடிந்தாலும் வன்னியில் மிதிவெடி அகற்றும் பணி எல்லா இடத்திலும் முடிந்துவிடவில்லை. மண்டையோட்டுச் சிவப்புப் பலகை, சிவப்புத் தலை பூசிய கட்டைகள், மஞ்சள் நாடா கண்டால் அதற்குள் ஒரு கால்கூட வைக்க வேண்டாம். பலகை இல்லாத இடத்திலும் மாட்டுத்தடமோ வண்டித்தடமோ இல்லாத பற்றைக்குள் பறவைக்குப் பின்னால் போகாதீர்கள். முகாம்களின் பக்கம் ஸ்கோப்பையும் நீண்ட வில்லையையும் திருப்ப வேண்டாம். யாராவது விசாரித்தால் பறவைப் புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

குளங்களில் முதலை உண்டு, தண்ணீரோரம் குந்தியிருந்து படமெடுக்க வேண்டாம். பின்னேரம் 5.30க்குக் குளக்கட்டை விட்டு இறங்கிவிடுங்கள், யானை தண்ணீருக்கு வரும் நேரம். புதிய இலத்தி கண்டால் அதற்கும் முன்னரே.

எண்ணுவதும் எழுதுவதும்

பெரிய கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணப் போனால் பாதியில் எழும்பிவிடும். முதலில் ஓரத்தில் 10ஐ எண்ணி, அது பிடிக்கும் இடத்தின் அளவைக் கண்ணில் பதியுங்கள். அதே அளவில் பத்துக் கட்டம் சேர்த்து 100. பிறகு நூறு நூறாகத் தாவுங்கள். பறவைகள் நடுவில் அடர்ந்தும் ஓரத்தில் ஐதாகவும் நிற்பதால், ஓரத்தின் அளவை வைத்தே நடுவையும் எண்ணினால் கணக்குக் குறைந்துபோகும். நடுவில் ஒரு தடவை புதிதாக 10 எண்ணிக்கொள்ளுங்கள். இடம், திகதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நீர்மட்டம் எல்லாம் அங்கேயே எழுத வேண்டும், தங்குமிடம் போய் எழுதினால் 300 ஆயிரமாகிவிடும். பறவைப் பதிவுக்கான ஈபேர்ட் செயலியில் பதிந்தால் மற்றவர்களுக்கும் பயன்படும். காட்டுப்பக்கம் சிக்னல் கிடைக்காது, இலங்கைக்கான பறவைப் பொதியை முதல்நாளே இறக்கி வையுங்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு தையிலும் நடக்கிறது, அந்த வாரங்களில் வந்தால் எண்ணத் தெரிந்த கை யாருக்கும் உதவும்.

காலில் வளையமோ நிறக்கொடியோ கட்டிய பறவையைக் கண்டால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைக் கவனியுங்கள். வலக்காலா இடக்காலா, மடிப்புக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக என்ன நிறங்கள், எழுத்தோ இலக்கமோ உண்டா. பறவையின் வலது என்பது உங்களைப் பார்த்து நிற்கும்போது உங்கள் இடப்பக்கம், இதில்தான் அதிகம் தவறுகிறது. படம் மங்கலாக வந்தாலும் எடுங்கள், நிறம் மட்டுமாவது மிஞ்சும். இலங்கையில் வளையமிடும் வேலையைச் செய்துவருவது கொழும்புப் பல்கலைக்கழக விலங்கியல் துறையில் இயங்கும் களப் பறவையியல் குழு. திகதியும் இடமும் சேர்த்து அவர்களுக்கு எழுதினால், அந்தப் பறவைக்கு எங்கே, எந்த வருஷம் வளையமிட்டார்கள் என்பதைக் கேட்டறியலாம்.